துணிவுக்கு எத்தனை கிராம்?

இரவில் ஆய்வுக்கூடம் விட்டு ஜோகுபாளையம் திரும்பும் என் அறைத்தோழர், "பைக்குள் அடங்கும் துப்பாக்கி எது நல்லது?" என்கிறார். 21 வயது நிறைந்தவர் உரிமம் கேட்கலாம்; உண்மை. ஆனால் 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்கு விலக்கு; .32 போன்ற ரகங்களே மிச்சம்.

2012 டில்லிக் கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று .32 ரிவால்வர் ஒன்றைத் தந்தது. பெயர் 'நிர்பீக்', அச்சமற்றது என்று பொருள். எடை 500 கிராம். விலையோ அப்போதே இலட்சத்துக்கு மேல்! கூலிவேலைப் பெண்ணுக்கு எட்டுமா? எட்டினாலும், உரிம நிபந்தனைப்படி கல்வி வளாகத்துள் கொண்டுவரலாகாது. வாசலில் விட்டுவரும் வீரம் நமக்கு எதற்கு?

எரியும் தெருவிளக்கும், உடன்வரும் துணையுமே ஏழைக்கும் எட்டும் காவல். விளக்குக்கு மனுக் கொடுப்போம். இரவில் ஒன்றாய்த் திரும்புவோம்!