7 வருடங்களில் 59 பேர்... பிறகு ஒரே வருடத்தில் 16,000 பேர்! - ஜெய்ப்பூர் கால் பரவிய கதை

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை யாராவது முழுசாகப் படிப்பார்களா? பளபள அட்டை, குத்துவிளக்கு ஏற்றும் போட்டோ, சக்கர நாற்காலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் விருந்தினர்கள், நடுவே 'இந்த ஆண்டு பயனடைந்தோர்' என்று கொட்டை எழுத்தில் ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்து 'அடேயப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஜெய்ப்பூரில் இருக்கும் ஓர் அமைப்பின் வருடக் கணக்கை மட்டும் அப்படித் தாண்டிப் போக முடியாது. காரணம், அதன் ஆரம்ப எண் அவ்வளவு சின்னது.

1968-ல் 'ஜெய்ப்பூர் ஃபுட்' எனும் செயற்கைக்கால் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கண்டுபிடிப்பு. அடுத்த ஏழு வருடங்களில், அதாவது 1975 வரைக்கும், அந்தக் காலைப் பொருத்திக்கொண்டவர்கள் மொத்தமே 59 பேர். வருடத்துக்கு எட்டு, ஒன்பது பேர்! அதே கால், 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 16,000 பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட நாளொன்றுக்கு 40 பேருக்கு மேல்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர், கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் படித்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரகலாத். ஏழைகளுக்கான தொழில்முறைகள் பற்றி 2004-ல் அவர் எழுதிய புத்தகத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஓர் இடம் உண்டு. ஜெய்ப்பூர் காலுக்கும் உண்டு.

நடுவில் என்ன நடந்தது? கால் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

பஞ்சர் ஆன சைக்கிள்

முதலில் அந்தக் காலைப் பற்றி. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் பி.கே.சேத்தி. விபத்தில் கால் இழந்தவர்களுக்கு வெளிநாட்டு மாதிரியில் செயற்கைக்கால் கொடுத்தால், கொஞ்ச நாளில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு மறுபடி ஊன்றுகோலோடு வந்து நிற்பார்கள். ஏன் என்று விசாரித்தால் காரணம் சாதாரணம். அந்தக் காலுக்கு ஷூ போட்டே ஆக வேண்டும். ராஜஸ்தான் கிராமத்தில் ஷூ போட்டுக்கொண்டு வயலில் இறங்குவது எப்படி? கோயிலுக்குப் போவது எப்படி? அதைவிட முக்கியம், அந்தக் காலோடு குத்துக்காலிட்டு உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது. அதாவது சாப்பிடவும் முடியாது, காலைக்கடன் கழிக்கவும் முடியாது.

இதற்குத் தீர்வு கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. அதே மருத்துவமனையில் இருந்த ராம் சந்திர சர்மா எனும் கைவினைக் கலைஞர். எல்லோருக்கும் 'மாஸ்டர்ஜி'. பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்பு வரைதான். ஒருநாள் அவரது சைக்கிள் பஞ்சராக, கடையில் நின்றிருக்கிறார். அங்கே லாரி டயருக்கு ரப்பர் வைத்து ரீட்ரேடிங் செய்துகொண்டிருந்தார்கள். 'கல்லிலும் முள்ளிலும் உருளும் டயரைப் போலவே ஒரு பாதம் செய்தால் என்ன?' என்ற யோசனை அங்கேதான் பிறந்ததாகச் சொல்வார்கள்.

முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் ஸ்பாஞ்ச் போன்ற ரப்பர், கணுக்கால் இடத்தில் எடை குறைந்த மரக்கட்டை, சுற்றிலும் தோல் நிறத்தில் ரப்பர். எல்லாவற்றையும் உலோக அச்சுக்குள் வைத்து டயர்க் கடை பாணியிலேயே வேகவைத்து எடுத்தால் ஒரு பாதம் தயார். விரல்கள்கூட இருக்கும். வெறுங்காலோடு ஈரத்தில் நடக்கலாம், மரம் ஏறலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். சேத்திக்கு 1981-ல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. மாஸ்டர்ஜியின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை. நம்ம ஊர் வழக்கம்தானே!

ஆக, 1968-லேயே கால் தயார். விலையும் குறைவு. டாக்டரும் ரெடி, தொழிலாளியும் ரெடி. ஆனாலும் ஏழு வருடத்தில் 59.

காலை விட விலை அதிகமான பஸ் டிக்கெட்

1969-ல் ராஜஸ்தானில் ஓர் ஐ.ஏ.எஸ் அதிகாரி சாலை விபத்தில் சிக்கினார். பெயர் டி.ஆர்.மேத்தா. தொடை எலும்பு நொறுங்கி, காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு கால் தப்பியது. 'எனக்கு வசதி இருந்தது, தப்பித்தேன். இல்லாதவன் என்ன செய்வான்?' என்ற உறுத்தல் அவரை விடவில்லை. 1975-ல் 'பகவான் மஹாவீர் விக்லாங் சஹாயதா சமிதி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் ரிசர்வ் வங்கி துணை கவர்னர், செபி தலைவர் என்று பெரிய பதவிகளில் இருந்தபோதும் இதை விடவில்லை.

மேத்தா பாதத்தில் கை வைக்கவில்லை. அவர் கை வைத்தது பாதத்துக்கு வெளியே இருந்த செலவுகளில்.

யோசித்துப் பாருங்கள். பார்மர் பக்கத்து கிராமத்திலிருந்து ஒருவர் வருகிறார். ஜெய்ப்பூருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். ஒற்றைக் காலோடு தனியாக வர முடியாது. மனைவியோ மகனோ கூட வர வேண்டும். இரண்டு பேருக்கு டிக்கெட், இரண்டு பேரின் கூலி போச்சு. வந்து சேர்ந்தால் 'இன்று டோக்கன் முடிந்தது, திங்கட்கிழமை வாங்க' என்பார்கள். திங்கட்கிழமை வந்தால் அளவு எடுப்பார்கள். 'அடுத்த மாதம் வாங்க, கால் ரெடியாக இருக்கும்' என்பார்கள். அடுத்த மாதம் அவர் வர மாட்டார். கால் இலவசம்தான், அதை வாங்கப் போய் வருகிற செலவுதான் கட்டுப்படியாகாது.

புதிய அமைப்பு இதை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. எந்த நேரத்தில் வந்தாலும், நடுராத்திரி என்றாலும், உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். அப்பாயின்ட்மென்ட் கிடையாது. நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் தங்க இடம், சாப்பாடு இலவசம். கால் பொருத்தாமல் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பலருக்கு வந்த அன்றோ, அடுத்த சில நாட்களிலோ வேலை முடிந்துவிடும்.

அவ்வளவு வேகம் எப்படி சாத்தியம்? வெட்டுப்பட்ட காலின் மீதிப் பகுதிக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் மாவை ஊற்றினால் அதே வடிவத்தில் ஒரு வார்ப்பு கிடைக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஹெச்.டி.பி.இ குழாய் இருக்கிறதல்லவா, அதைத் துண்டாக வெட்டி, அடுப்பில் சூடாக்கி, இளகியதும் வார்ப்பின் மேல் உறைபோல இழுத்து மாட்டுவார்கள். ஆறினால் அதுவே சாக்கெட். கீழே ரப்பர் பாதம், மேலே பட்டை. நடக்கவிட்டுப் பார்த்து, உயரத்தையும் கோணத்தையும் சரிசெய்தால் முடிந்தது. முழங்காலுக்குக் கீழே கால் போனவர்களுக்கு சில மணி நேர வேலை. இந்தப் பட்டறையில் வேலை பார்ப்பவர்களில் பலர் தாங்களே செயற்கைக்கால் அணிந்தவர்கள். 'இங்கே உரசுது அண்ணே' என்றால் எந்த இடம் என்று விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை!

தமிழர்களுக்கு இந்தக் காலை அறிமுகப்படுத்தியவர் சுதா சந்திரன். 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு 1984-ல் மறுபடி மேடையேறி பரதம் ஆடினார். அவர் கதையே 'மயூரி' படமானது. ஆனால் ஜெய்ப்பூர் காலுக்காக வரிசையில் நிற்பவர்களில் மேடை ஏற விரும்புகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகணும், தண்ணீர்க்குடம் தூக்கணும், அவ்வளவுதான். எந்த வருட அறிக்கையிலும் இந்தக் குடத்தைப் பற்றி ஒரு வரிகூட வராது.

எண்ணில் தெரியாதது

இன்றைக்கு இந்த அமைப்பின் மொத்தக் கணக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் முகாம் நடத்தியிருக்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த 20 லட்சமும் செயற்கைக்கால் அல்ல. போலியோ பாதித்தவர்களுக்கான காலிப்பர், ஊன்றுகோல், மூன்று சக்கர சைக்கிள், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி எல்லாம் சேர்ந்த கணக்கு. ஊன்றுகோலும் ஒருவருக்கு ஒன்று, செயற்கைக்காலும் ஒருவருக்கு ஒன்று. 'பயனடைந்தோர்' பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இது இந்த அமைப்பின் பிரச்னை மட்டுமல்ல. எந்தத் தொண்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதை எண்ணியிருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. போன வருடம் கால் வாங்கியவர் இந்த வருடமும் அதைப் போட்டிருக்கிறாரா?

செயற்கைக்கால் என்பது கண்ணாடி மாதிரி அல்ல, செருப்பு மாதிரி. தேயும். சில வருடங்களில் ரப்பர் பாதம் கிழியும். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் மீதிக்கால் வீக்கம் வடிந்து சுருங்கும். அப்போது சாக்கெட் தொளதொளவென்று ஆகிவிடும். உரசிப் புண்ணானால் கழற்றி வைத்துவிடுவார்கள். குழந்தை என்றால் வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கணும். எட்டு வயதில் கால் இழந்த பிள்ளைக்கு ஒரு கால் கொடுத்து, போட்டோ எடுத்து, கணக்கில் ஒன்று என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை.

ஜெய்ப்பூர் காலே இந்தக் கேள்வியைச் சந்தித்தது. ஹோண்டுராஸ், உகாண்டா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் இந்தக் குழாய் சாக்கெட் கால்களைப் போட்டிருந்தவர்களைச் சர்வதேச நிபுணர்கள் பரிசோதித்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாக்கெட் பொருத்தத்திலும் செய்நேர்த்தியிலும் நிறைய குறைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான உண்மைதான். வேகமும் விலையும் ஒரு பக்கம் ஜெயித்தபோது, பயிற்சி பெற்ற கைகள் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் கிடைக்கவில்லை. அமைப்பும் அத்தோடு நிற்கவில்லை. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து குறைந்த விலையில் ஒரு மூட்டை உருவாக்கியது. 2009-ல் 'டைம்' பத்திரிகையின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் அது இடம்பிடித்தது.

இதனால்தான் ஒரு வாரம் நடக்கும் பெரிய முகாமைவிட, ஊரில் நிரந்தரமாக இருக்கும் ஒரு சின்னப் பட்டறை மேல். முகாமில் 500 கால் கொடுக்கலாம். பட்டை அறுந்தால் யாரிடம் போவது? யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் கால் நிலையம் இதற்கு நல்ல உதாரணம். மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்கு அங்கேயே கால் செய்து, அங்கேயே பழுது பார்த்துக் கொடுத்தது. அந்த ஊர் ஆட்கள் ஜெய்ப்பூருக்கு வரத் தேவையிருக்கவில்லை.

நம்ம வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டால்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அதில் கை, கால் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 54 லட்சம். விபத்து மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போய், புண் வந்தது தெரியாமலேயே முற்றி, காலை எடுக்க வேண்டி வந்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

தமிழ்நாட்டில் செயற்கைக்கால் தேவைப்படுபவர்கள் ஜெய்ப்பூர் வரை போக வேண்டியதில்லை. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பத்தை அங்கே கொடுக்கலாம். ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, போட்டோ ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள்.

ஆபரேஷன் தையல் நன்றாக ஆறி, வீக்கம் வடிந்த பிறகே அளவு எடுப்பார்கள். அதுவரை மீதிக்காலுக்கு மருத்துவர் சொல்கிற மாதிரி எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்ற வேண்டும், மூட்டு மடங்கி இறுகிப்போகாமல் பயிற்சி செய்ய வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, பிறகு கால் சரியாகப் பொருந்தவில்லை என்று கஷ்டப்படுகிறார்கள்.

ஏற்கெனவே கால் வாங்கியவர் என்றால், அது உடைந்தே போயிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது பழைய காலையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்தாலே, இவர் எப்படி ஊன்றி நடக்கிறார் என்பது டெக்னீஷியனுக்குப் பிடிபட்டுவிடும். புதுக் காலின் கோணத்தை அதற்கேற்ப மாற்றிக் கொடுப்பார்.