கொட்டையை விற்று அரிசி வாங்கும் நாடு

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டைகளில் 'பிசாவு' சரக்குக்குத் தனி மதிப்பு உண்டு. எண்பது கிலோ மூட்டையை உடைத்தால் ஐம்பது பவுண்டுக்கு மேல் பருப்புத் தேறும். வியாபாரிகள் 'அவுட்டர்ன்' என்று சொல்லும் இந்தக் கணக்கில் மேற்கு ஆப்பிரிக்காவிலேயே முன்வரிசையில் நிற்கும் சரக்கு அது. ஆப்பிரிக்கக் கொட்டைகளைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் 'அண்டி ஆபீஸ்' எனப்படும் முந்திரி ஆலைகளில் பெண்கள் உடைத்து, தோலுரித்து, தரம் பிரிக்கிறார்கள். தரமான பிசாவு கொட்டையை விளைவிக்கும் கினி-பிசாவு உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று.

நல்ல சரக்கை விளைவிக்கிற நாடு ஏன் ஏழையாகவே கிடக்கிறது? ஊழல், ராணுவப் புரட்சி, போதைக் கடத்தல் என்று மூன்று சொற்களில் பதில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது உலகின் வழக்கம். அந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதி அந்நாட்டின் நிலத்திலும் பருவத்திலும், அங்கே கொட்டை கைமாறும் விதத்திலும் இருக்கிறது. முக்கியக் கொள்முதல் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கும் அதில் பங்கு உண்டு. கினி-பிசாவு தன் கொட்டையைத் தானே உடைக்க வேண்டும். தன் நெல் வயல்களை மீட்க வேண்டும். இரண்டுக்கும் இந்தியா தோள் கொடுக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

செனகலுக்கும் கினிக்கும் இடையே அட்லாண்டிக் கரையில் இருக்கும் அந்நாட்டின் பரப்பு 36,125 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல். தாழ்ந்த நிலம். கேபா, கஷேயு ஆறுகளின் முகத்துவாரங்கள் வழியாகக் கடல் ஏற்றம் உள்நாட்டுக்குள் வெகுதூரம் ஏறி இறங்குகிறது. கரையெங்கும் அலையாத்திக் காடு. கரைக்கு அப்பால் 88 தீவுகள் கொண்ட பிஜாகோஸ் தீவுக்கூட்டம்; அவற்றில் ஏறத்தாழ இருபது தீவுகளில்தான் மக்கள் நிலையாக வாழ்கிறார்கள். பச்சை ஆமைகள் முட்டையிட வரும் இந்தத் தீவுகளை 1996-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்த யுனெஸ்கோ, 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. இயற்கை இந்த நாட்டுக்குக் குறை வைக்கவில்லை.

இந்த உப்பங்கழி நிலத்திலும் நெல் விளைவிக்கக் கற்றவர்கள் அங்குள்ள பலாண்டா மக்கள். 'பொலாஞா' என்று அழைக்கப்படும் அந்த வயல்களை உருவாக்குவது லேசான வேலை அல்ல. அலையாத்திக் காட்டைத் திருத்தி, கடல்நீர் ஏறாதபடி களிமண்ணால் கரை எழுப்ப வேண்டும். நீண்ட மரக்காம்பின் நுனியில் இரும்பு விளிம்பு பூட்டிய கருவிதான் அவர்களது மண்வெட்டி. அதை ஆள் உயரத்துக்கு ஓங்கி, சேற்றைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக் கரையில் ஏற்றுகிறார்கள். உள்ளே குடைந்த மரத்தண்டுகளைக் கரையின் ஊடே பதித்து, மழைநீர் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேற வழி செய்கிறார்கள். உப்பு இறங்கிய பிறகுதான் நாற்று நட முடியும். கரையில் ஓரிடம் உடைந்தாலும் உப்பு மறுபடி ஏறிவிடும். வயல் பழைய நிலைக்கு வரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். ஆண்டுதோறும் ஊர் இளைஞர்கள் கூட்டமாக இறங்கிக் கரையைச் செப்பனிட்டால்தான் இந்த வேளாண்மை நிற்கும்.

அது நிற்கவில்லை என்பதுதான் கடந்த அறுபது ஆண்டு வரலாறு. போர்ச்சுக்கீசிய ஆட்சியை எதிர்த்து 1963 முதல் நடந்த விடுதலைப் போரில் கரைகள் சிதைந்தன. உழவர்கள் ஊர்விட்டு ஓடினார்கள். 1973-இல் விடுதலையை அறிவித்த பிறகு வந்த அரசு, வணிகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு உழவருக்குக் கட்டுப்படியாகாத விலை கொடுத்தது. 1980-களின் நடுவில், கடன் கொடுத்த உலக நிறுவனங்களின் நெருக்குதலில் சந்தை திறந்துவிடப்பட்டது. அப்போது வியாபாரிகள் ஒரு கையில் இறக்குமதி அரிசியோடும் மறு கையில் வெறும் சாக்கோடும் கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். முந்திரிக்குக் கரை கட்ட வேண்டாம், நாற்று நட வேண்டாம். நட்டுவிட்டால் மரம் தானே காய்க்கும். நட்டவருக்கு அந்த நிலத்தின் மேல் ஓர் உரிமையும் கிடைக்கும். இளைஞர்கள் தலைநகர் பிசாவுக்குப் போய்விட்ட கிராமங்களில் மேட்டு நிலமெங்கும் முந்திரி படர்ந்தது. இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு முந்திரியால் வருகிறது. அதில் பெரும் பகுதி உடைக்காத கொட்டை.

உழவரைத் தவறு சொல்ல இடமில்லை. கிடைத்த சூழலில் அவர் எடுத்த முடிவு சரியானதே. ஆனால், அந்த முடிவு அவரைப் பருவத்தின் பிடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் வரை கொட்டை விழும். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். ஈரம் பட்ட கொட்டை கறுத்துப்போகும். காயவைத்துச் சேமிக்கக் கிடங்கு இல்லை. அதே மாதங்களில்தான் வீட்டில் நெல் தீர்ந்துபோகிறது; அடுத்த அறுவடை மழைக்காலம் முடிந்து ஆண்டுக் கடைசியில். விற்றே ஆக வேண்டியவரும் காத்திருக்க வசதி உள்ளவரும் பேரம் பேசினால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல ஆண்டில் ஒரு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி என்ற பண்டமாற்று, மோசமான ஆண்டில் இரண்டு, மூன்று கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி என்று சரிந்துவிடுகிறது.

அரசு ஆண்டுதோறும் ஆதார விலை அறிவிக்கிறது. 2018-இல் கிலோவுக்கு 1,000 சிஎஃப்ஏ ஃபிராங்க் என்று அறிவித்தார்கள். வியாபாரிகள் கொள்முதலில் இறங்கவில்லை. விலை பின்னர் குறைக்கப்பட்டது. கொட்டையை வைத்துக்கொள்ளக் கிடங்கும், காத்திருக்கும் காலத்துக்குக் கடனும் இல்லாத உழவருக்கு ஆதார விலை வெறும் காகிதம் என்பதை அந்தப் பருவம் காட்டியது.

இனி உடைப்புக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ பருப்புக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கொட்டை தேவை. கொட்டையாக ஏற்றுமதி செய்யும் நாடு, எடையில் முக்கால் பங்கு ஓட்டுக்கும் தோலுக்கும் கப்பல் கட்டணம் கொடுத்துப் பாதி உலகத்தைத் தாண்ட வைக்கிறது. அந்த ஓடும் வீண் பொருள் அல்ல. அதிலிருந்து எடுக்கும் எண்ணெய் பெயின்ட்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் போகிறது. எஞ்சிய ஓடு ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. 2023 அக்டோபரில் கட்டணப் பாக்கிக்காகத் துருக்கி நிறுவனமொன்றின் மின் கப்பல் மின்சாரத்தை நிறுத்திவிட, பிசாவு நகரமே இருளில் மூழ்கியது. நிலுவைத் தொகை குறைந்தது ஒன்றரைக் கோடி டாலர். தலைநகருக்கே கப்பலில் மின்சாரம் வாங்கிய நாடு, எரிபொருளையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. உள்நாட்டுப் பதப்படுத்தலுக்கு நிதி திரட்டுவதாகச் சொல்லி 2011-இல் ஏற்றுமதிக் கொட்டைக்குக் கிலோவுக்கு 50 ஃபிராங்க் வரி போட்டார்கள். ஏற்றுமதியாளர் அதை உழவரின் விலையில் கழித்துக்கொண்டார். பணம் வசூலானது, எதிர்பார்த்த ஆலைகள் எழவில்லை. 2012 ஏப்ரலில், கொட்டை விழும் பருவத்திலேயே, ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. 2025 நவம்பரில், தேர்தல் முடிவு வெளிவரும் முன்பே, மறுபடியும் ராணுவம் அதையே செய்தது. முதலீட்டாளருக்கு இப்படிப்பட்ட நாட்டில் நம்பிக்கை பிறக்காதது இயல்பு. ஆனால், ஒரே பயிரின் ஏற்றுமதி வரியை நம்பிச் சம்பளம் போடும் அரசில், அந்த வரியைக் கைப்பற்றுவதே அரசியலின் பரிசாகிவிடுகிறது. நிலையற்ற ஆட்சியால் ஒற்றைப் பயிர் நீடிக்கிறது. ஒற்றைப் பயிரால் நிலையற்ற ஆட்சியும் நீடிக்கிறது. முதலில் ஆட்சி சீராகட்டும், பிறகு பொருளாதாரத்தைப் பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் முடிவில்லாமல் காத்திருக்க வேண்டியதுதான்.

கடலிலும் இதே கதை. 2019-இல் போட்ட ஒப்பந்தப்படி ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு 1.56 கோடி யூரோ கொடுத்து அந்நாட்டுக் கடலில் மீன்பிடி உரிமை பெற்றது. மீனோ, இறாலோ, கொட்டையோ, எல்லாம் பச்சையாக வெளியே போகிறது; அதை உணவாக்கி விலை ஏற்றும் வேலை வெளிநாட்டில் நடக்கிறது.

சிறிய நாடு ஆலை வைத்தால் போட்டியில் தாக்குப்பிடிக்காது, கொட்டையை விற்பதே அதற்கு லாபம் என்று வாதிடும் பொருளியலாளர்கள் உண்டு. இந்த வாதத்தின் விலையை மொசாம்பிக் கொடுத்துவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் உலகின் முன்னணி முந்திரி நாடாக இருந்தது அது. 1990-களின் நடுவில் உலக வங்கியின் நிபந்தனைப்படி கொட்டை ஏற்றுமதி மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பல ஆயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். உழவருக்குக் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட விலை உயர்வு சொற்பமே. அங்கே உடைபடாத கொட்டை உடைபட்ட இடம் இந்தியா.

எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது. உலகில் மிக அதிகமாகக் கொட்டை விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், பத்தாண்டுகளுக்கு முன் தன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக்கூட உடைக்கவில்லை. உள்நாட்டு ஆலைகளுக்குக் கொட்டை வாங்குவதில் முன்னுரிமையும் ஊக்கத்தொகையும் கொடுத்து, இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உடைக்கிறது. பெனின் 2024 முதல் கொட்டை ஏற்றுமதிக்கே தடை போட்டது. தடை கினி-பிசாவுக்கு உதவாது. எல்லை தாண்டிச் செனகலுக்குக் கடத்தல்தான் பெருகும். உழவரின் விலையைக் குறைக்கும் இன்னொரு வரியும் வேண்டாம். அதற்கு வேண்டியது கிடங்கும், பருவக் கடனும், சிறு ஆலைகளும்.

ஆலை மட்டும் போதுமா என்றால், போதாது. உடைத்த பருப்பை விற்ற காசையும் அரிசிக்கே கொடுப்பதென்றால், சங்கிலியின் ஒரு கண்ணிதான் மாறியிருக்கும். விடுதலை இயக்கத்தின் தலைவர் அமில்கர் கப்ரால் படித்தது வேளாண்மை. 1953-இல் அந்நாட்டின் வேளாண் கணக்கெடுப்பை ஊர் ஊராகச் சென்று நடத்தியவர் அவர். ஏற்றுமதிக்காக நிலக்கடலையை மட்டும் பயிரிடுவதன் ஆபத்தை அப்போதே எடுத்துச் சொன்னார். கடலை போய் முந்திரி வந்தது. ஆபத்து அப்படியே இருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் பொலாஞாக் கரைகளைப் பழுதுபார்ப்பது உணவுக்கும் அரண், கரையோரத்துக்கும் அரண். உதவி நிதியின் முதல் செலவு அந்தக் கரைகளாக இருக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக் கேள்வி. ஆப்பிரிக்கா தன் கொட்டையைத் தானே உடைத்தால் குமரியிலும் கொல்லத்திலும் வேலை செய்யும் பெண்களின் கதி என்ன? உரிமையோடு கேட்க வேண்டிய கேள்வி இது. ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்தும் உடைத்துப் பிழைக்கும் அவர்களுக்கு மாற்று வேலை எளிதில் கிடைப்பதில்லை. ஆனால், கொல்லத்து ஆலைகள் பல ஆப்பிரிக்கா உடைக்கத் தொடங்கும் முன்பே மூடப்பட்டுவிட்டன; காரணம், வியட்நாம் இயந்திரங்களோடு கட்ட நேர்ந்த போட்டி. ஐவரி கோஸ்டும் பெனினும் எடுத்த முடிவை நம்மால் தடுக்க முடியாது. ஏழை நாட்டின் கொட்டையை என்றென்றும் நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுவதே அந்தப் பெண்களுக்குச் செய்யும் நியாயம். பண்ருட்டியிலும் அரியலூரிலும் கிழட்டு மரங்களை அகற்றி ஒட்டுக் கன்றுகள் வைத்து உள்நாட்டு விளைச்சலைக் கூட்ட வேண்டும். தமிழக அரசு அறிவித்த முந்திரி வாரியத்தின் முதல் வேலை அதுதான். தரம் பிரிப்பு, வறுவல், சிப்பம் கட்டுதல் என்று அதிக மதிப்புள்ள கட்டங்களுக்குத் தொழிலாளர்களைப் பயிற்சி கொடுத்து நகர்த்த வேண்டும்.

டெல்லியின் வரிக்கொள்கையோ, ஆப்பிரிக்கா தன் கொட்டையைத் தானே உடைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. கொட்டை மீதான பொது இறக்குமதி வரியை 2018 பட்ஜெட் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைத்தது. பருப்பு மீதான வரியை 2019 பட்ஜெட் 45 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தியது. கொட்டையாகக் கொண்டுவா, பருப்பாகக் கொண்டுவராதே என்பதுதான் இதன் பொருள். வளர்ந்த நாடுகள் இதே உத்தியை நம் துணிக்கும் தோலுக்கும் பயன்படுத்தும்போது உலக வர்த்தக மேடைகளில் எதிர்ப்புக் குரல் எழுப்பும் நாடு இந்தியா. தனக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது.

உலகில் முந்திரிப் பருப்பை அதிகம் தின்னும் நாடு நம் நாடு. அந்தத் தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அதில் ஒரு சிறு பங்கை உடைத்த பருப்பாக வாங்குவதால் இந்தியத் தொழில் கவிழ்ந்துவிடாது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2008 முதல் இந்தியா அளித்துவரும் தீர்வை விலக்கு, கினி-பிசாவின் பருப்புக்கும் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்த வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு என்ற அளவு வரம்போடு தொடங்கலாம். வேறு நாட்டுப் பருப்பு அதன் பெயரில் நுழையாதபடி சான்று கேட்கலாம். இந்தியக் கடனுதவியைக் கிடங்குகளுக்கும் சிறு உடைப்பு ஆலைகளுக்கும் என்று ஒதுக்கலாம். ஆலை நடத்தத் தெரிந்த குமரி, கொல்லம் முதலாளிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் அங்கே கூட்டுத் தொழில் தொடங்க வழி திறக்கும். ராணுவ ஆட்சியாளர்களின் கையில் பணம் கொடுக்கத் தயங்குவது நியாயம். உழவர் கூட்டுறவுகளுக்கும் தனியார் ஆலைகளுக்கும் நேரடியாகக் கொடுக்க அந்தத் தயக்கம் தடையல்ல.

பேரத்தில் எப்போதும் வலுத்த கையாக இருந்துவந்திருக்கிறோம். அடுத்த பட்ஜெட்டில் பருப்பு வரியில் ஏழை நாடுகளுக்கு ஒரு வாசலைத் திறப்பதிலிருந்து மத்திய அரசு தொடங்கட்டும்.