வீட்டு கம்ப்யூட்டரை பள்ளியில் திறக்கும் மாணவர்கள்: வில்லங்கம் எங்கே?

பிராஜெக்டை வீட்டு கம்ப்யூட்டரில் முடித்து வைத்துவிட்டு, பள்ளிக்கூட லேபில் வந்து கையை பிசையும் பிள்ளைகள் உண்டு. வைரஸ் வரும் என்று பென் டிரைவுக்கு தடை. மெயிலும் 'பிளாக்'. பையன் என்ன செய்வான்? வீட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணியே வைத்துவிட்டு, டீம்வியூவர், எனிடெஸ்க் மாதிரி சாப்ட்வேர் மூலம் பள்ளியில் இருந்தே அதை திறக்க பார்க்கிறான். அதற்கும் தடை என்றால் இருக்கவே இருக்கிறது புராக்சி தளம்.

வில்லங்கம் இங்கேதான். அந்த புராக்சியை நடத்துவது யார் என்றே தெரியாது. அதில் அடிக்கிற பாஸ்வேர்டு அவன் கைக்கு போகலாம். போனால் ஒரு பைல் மட்டுமா? அப்பாவின் பேங்க் விவரம், ஆதார் நகல், குடும்ப போட்டோ எல்லாம் அந்த கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறது? செல்போனில் எனிடெஸ்க்கை ஏற்ற வைத்து பணம் சுருட்டும் கும்பல் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

தடை போடுவது தப்பில்லை. எல்லா வழியையும் அடைத்தால் பிள்ளைகள் சுவர் ஏறித்தான் குதிப்பார்கள். பென் டிரைவை ஆசிரியரே வாங்கி, ஸ்கேன் செய்து பைலை ஏற்றிக் கொடுத்தால் என்ன? 2 நிமிட வேலை. பெற்றோரும் வீட்டு கம்ப்யூட்டரில் இந்த சாப்ட்வேர் இருக்கிறதா, அதில் நிரந்தர பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பிள்ளையிடம் கேட்டுவிடுவது நல்லது.