உங்கள் முகம் டேனரித் தோல் அல்ல!

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஒரு அம்மாவும் பெண்ணும் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "எடும்மா, பார்க்கணும்" என்றேன். அவள் எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்துவிட்டார்.

இரண்டு கன்னத்திலும் அடுப்புக்கரியை விரலால் தேய்த்த மாதிரி திட்டுத் திட்டாகக் கறுப்பு!

"பருத் தழும்புதான் சார் இருந்துச்சு. பெங்களூர்ல லேசர் வச்சா போயிடும்னாங்க. ஆறு சிட்டிங், முப்பத்தஞ்சாயிரம். மகளிர் குழுவுல கடன் வாங்கிக் கட்டினோம். மூணாவது சிட்டிங்லயே இப்படி ஆயிடுச்சு. கேட்டா, 'வெயில்ல போயிருப்பீங்க'ன்றாங்க. ஷூ கம்பெனிக்கு நடந்து போற பொண்ணு, வெயில்ல போகாம எப்படி சார்?"

அதுவரை வாய் திறக்காத பெண் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "தழும்போடவே இருந்திருக்கலாம் சார்."

இந்த வார்த்தையை நான் வேறு வேறு வாய்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கள் ஜோலார்பேட்டை ஜங்ஷனில் காலையில் ரயில் ஏறினால், சென்னையோ பெங்களூரோ போய் வேலையை முடித்துக்கொண்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். துணி எடுக்கப் போவது போல முகத்தைச் சரி செய்யவும் இப்போது போய் வருகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோல் ஷாப்பு சொல்லும் பாடம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எங்கள் வட்டாரமே தோலை நம்பி வாழ்கிற வட்டாரம். இங்கே டேனரியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆட்டுத் தோலில் முள் கீறல், உண்ணிக் கடி, பழைய புண் தழும்பு இருந்தால் அதன் விலை குறைந்துவிடும். அந்தத் தோலை என்ன செய்வார்கள்? மெஷினில் கொடுத்து மேற்பரப்பை லேசாக இழைப்பார்கள். அதன் மேல் சாயப் பூச்சு கொடுத்து, ரேகை அச்சையும் அழுத்துவார்கள். தழும்பு இருந்த இடம் தெரியாது. பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

முகத்துக்குச் செய்யும் லேசரும் ஏறத்தாழ இதே எண்ணத்தில்தான் நடக்கிறது. மேல் தோலை நுண்ணிய அளவில் சுட்டால், கீழிருந்து புதுத் தோல் வரும் என்பது கணக்கு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டேனரியில் இருப்பது செத்த தோல், சொன்னபடி கேட்கும். உங்கள் கன்னத்தில் இருப்பது உயிருள்ள தோல். அதைச் சீண்டினால் அது பதில் சொல்லும்!

நம் ஊர்த் தோல் சொல்லும் பதில் பெரும்பாலும் கறுப்புதான். கொசு கடித்துச் சொறிந்த இடமும், எண்ணெய் தெறித்த இடமும் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தோலுக்கு நிறம் தரும் 'மெலனின்' நம்மிடம் அதிகம். காயம் பட்டதும் அதைத் தயாரிக்கும் செல்கள் பதறிப்போய்க் கூடுதலாகத் தயாரித்துத் தள்ளுகின்றன.

லேசர் யாரைத் தேடுகிறது?

நிறத்தைக் குறிவைக்கும் லேசர்கள் கறுப்பைத் தேடிப் போகிற ஒளி. வெள்ளைக்காரர் தோலில் மச்சமோ முடியோ மட்டும்தான் கறுப்பு. ஒளி நேராகப் போய் அதைப் பிடித்துவிடும். நம் தோலிலோ எங்கே பார்த்தாலும் மெலனின். குறியை எட்டுவதற்கு முன்பே ஒளி மேல் தோலிலேயே சூட்டை இறக்கிவிடும். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் வீட்டுக்காரனையே அடித்துவிட்டுப் போன கதைதான்!

அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் தோலை வகை பிரித்தார். இன்றைக்கும் லேசர் அறைகளில் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. அவர் முதலில் பிரித்தது வெள்ளைத் தோலை மட்டுமே. பழுப்பு, கறுப்புத் தோல்கள் பிறகுதான் ஐந்து, ஆறு என்று சேர்க்கப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருகிறவர்கள்.

அதற்காக லேசரே விஷம் என்று நான் சொல்லவில்லை. முடி நீக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட 'என்டி யாக்' என்ற வகை, கறுத்த தோலுக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. நல்ல தோல் மருத்துவர் சூட்டைக் குறைத்து வைப்பார். காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ சிறிய இடத்தில் சோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் கை வைப்பார். அப்படிச் செய்தாலும் பருத் தழும்பின் ஆழம் ஓரளவு குறையுமே தவிர, முழுசாக மறையாது. 'மங்கு' என்கிறோமே, அதற்கு லேசர் வைத்து முதலில் வெளுத்து, பிறகு முன்னைவிடக் கறுத்து வந்தவர்கள் உண்டு.

வேலூர் காட்டிய வழி

முக அறுவைச் சிகிச்சையே வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அமுங்கிய மூக்கைத் தூக்கிவிட்டார். புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைத் தோலை எடுத்துப் புருவம் வைத்தார். நோய் குணமாகியும் முகத்தைப் பார்த்து ஊர் ஒதுக்கிய மனிதர்கள், மறுபடியும் ஒரு வேலையில், ஒரு வீட்டில் போய் உட்கார முடிந்தது. தீக்காயம், உதட்டுப் பிளவு, விபத்து இதற்கெல்லாம் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அங்கே இழந்தது எது என்று கண்ணுக்குத் தெரியும். மூடாத கண் மூடினால், ஒட்டிய கழுத்து திரும்பினால் சிகிச்சை ஜெயித்துவிட்டது. இழப்பே இல்லாத முகத்தில் கத்தி வைத்தால் எங்கே நிறுத்துவது? போனில் பார்த்த யாரோ ஒருவரின் மூக்குதான் அளவு என்றால், அந்த அளவை எந்த சர்ஜனாலும் எட்ட முடியாது.

காசும் பேரும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி நேர்கிறது. 2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன், கண்ணுக்குக் கீழே வீங்கிப்போன தன் முகத்தைப் படமெடுத்து வெளியிட்டார். சாதாரண ஃபேஷியலுக்குப் போன தனக்குத் தேவையில்லாத சிகிச்சை செய்யப்பட்டது என்றார். மருத்துவர் தரப்பு மறுத்தது. யார் சரி என்பது என் விஷயமல்ல. 'இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக' என்பது எழுத்தில் இருந்திருந்தால் சண்டைக்கே இடமில்லை.

இன்னொன்று உயிரையே பறித்தது. 2016 மே மாதம் சென்னையில் தலைமுடி நட்டுக்கொண்ட இளைஞர் ஒருவர், இரண்டு நாளில் வேலூர் சி.எம்.சி.யில் இறந்துபோனார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே படித்துக்கொண்டிருந்த மாணவர்! முடி நட்ட இடத்துக்கு சலூன் லைசென்ஸ்தான் இருந்தது என்று விசாரணையில் தெரிய வந்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய அழகுச் சிகிச்சைகளை முறையான பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும் என்றும், யூடியூப் பார்ப்பது பயிற்சி ஆகாது என்றும் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் வீட்டுக் குப்பையும் உண்டு

"அதனாலதான் சார், மூலிகையே நல்லது" என்று நீங்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்!

மூலிகை என்று பேர் வைத்து, தயாரித்தவர் விலாசம் இல்லாமல் விற்கும் வெளுக்கும் கிரீம்கள் லேசரைவிடக் கேடு செய்யும். முகப்பூச்சில் பாதரசம் சேர்க்க நம் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் கேரளத்தில் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறு கண்ட 15 பேரை விசாரித்தபோது, 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. காரணம், அதிலிருந்த பாதரசம். முகத்தில் பூசியது போய்ச் சேர்ந்தது கிட்னியில்! எங்கள் சித்த மருத்துவ நூல்களிலும் பாதரசம் உண்டு. பல நாள் சுத்தி செய்து, நோய்க்கு அளந்து, பத்தியத்தோடு கொடுப்பது அது. அழகுக்காகத் தினமும் பூச அதில் இடமே இல்லை. ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமும் அப்படித்தான். முதலில் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரியும்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் எனக்குப் புதியவள் அல்ல. பத்தொன்பது வயசில் முகம் நிறையப் பருவோடு என்னிடம்தான் வந்தாள். "கவலைப்படாதே, மூணே மாசம், முகம் கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எந்த ஆசிரியரும் எனக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. வருகிறவர்கள் முகம் மலரட்டுமே என்று வாய்க்கு வந்த வார்த்தை. பரு அடங்கியது, தழும்பு நின்றுவிட்டது. என் வாக்கு பொய்த்ததால்தான் அவள் அடுத்த வாக்கைத் தேடிப் பெங்களூருக்கு ரயில் ஏறினாள்.

போவதற்கு முன் கேளுங்கள்

செய்யப் போவது யார், டாக்டரா, உதவியாளரா? அவர் படிப்பு என்ன, பதிவு எண் என்ன? என் போன்ற கறுத்த தோலுக்கு இதைச் செய்த அனுபவம் உண்டா? சோதனை வைத்துப் பார்ப்பீர்களா? கெட்டுப்போனால் யார் பார்ப்பது, யார் செலவு? மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா? கூச்சப்படாமல் கேளுங்கள். ஆறு சிட்டிங் பணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

பரு அடங்காமல் வந்தால், மாதவிலக்கும் சீராக இல்லாவிட்டால், முகத்தை விட்டுவிட்டு முதலில் சினைப்பையைச் சோதியுங்கள். பருவைக் கிள்ளாதீர்கள். எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். சுட்ட மாதிரி கறுக்கும். குடையோ துப்பட்டாவோ வெயிலுக்குப் பிடியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் பூசிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். தோல் மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தேன். இது மெதுவாக வெளுக்கும் ஜாதிக் கறுப்புதான் என்றேன். "எத்தனை மாசம் சார்?" என்றார் அம்மா. பழைய வாய் திறக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, "மாசக்கணக்கு ஆகும்மா. வருஷமும் ஆகலாம். தேதி சொல்ல என்னால் முடியாது" என்றேன். அம்மாவுக்கு ஏமாற்றம்தான். அந்தப் பெண் மட்டும் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தேதி போட்டு அழகு தருகிறேன் என்று யார் சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள். சொல்வது நானாக இருந்தாலும்!