வடித்த திரவம் எங்கே போகிறது?



ஐப்பசி மழைக்கு முன் வாகனத்தைச் சரிபார்த்துக்கொள்வது நம்மில் பலருக்கு வழக்கம். பணிமனைக் கூலியை மிச்சப்படுத்த, கைபேசியில் காணொளி பார்த்து, எஞ்சின் கூலண்ட்டை வீட்டு வாசலிலேயே வடித்து மாற்றுகிற வாலிபர்கள் நம் சபையிலும் உண்டு. தன் வேலையைத் தன் கையால் செய்வதை நான் குறைசொல்ல மாட்டேன். எஞ்சின் முற்றிலும் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, நம் ஊர் உப்புத்தண்ணீரைக் கலக்காமல் டிஸ்டில்டு வாட்டரே கலக்கவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அடியிலுள்ள திருகைத் தளர்த்தினால் சிறிய காரிலிருந்து நான்கைந்து லிட்டர் திரவம் பேசினில் இறங்கும். காணொளி இவ்வளவையும் காட்டுகிறது. அந்தப் பேசின் அதன்பின் எங்கே போகிறது என்பதை மட்டும் பெரும்பாலும் காட்டுவதில்லை.

அது தெருவோரச் சாக்கடைக்குப் போகிறது. அல்லது வேப்பமரத்தடிக்குப் போகிறது. "பச்சைச் சாயம் போட்ட தண்ணீர்தானே, ஐயா" என்பார்கள். அம்பாசிடர் காலத்தில் பலர் ரேடியேட்டரில் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டினார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது. இன்று அதிலிருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் ரசாயனம். துருவைத் தடுக்கும் மருந்துகளோடு அது கலந்திருப்பதால்தான் நம் வெயிலிலும் எஞ்சின் எளிதில் கொதிப்பதில்லை. அதற்கு இனிப்புச் சுவை உண்டு. குடித்த உயிரின் ஈரலில் அது அமிலங்களாக மாறி, முடிவில் சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. நாயும் பூனையும் மிகச் சிறிய அளவிலேயே மடியும். சிறு குழந்தைக்குச் சில தேக்கரண்டிகளே உயிராபத்தாகும்.

இதன் இனத்தைச் சேர்ந்த டை எத்திலீன் கிளைக்கால்தான் 2025இல் நம் தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022இல், காம்பியா நாட்டில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற மருந்துகளில் இவ்விரண்டு ரசாயனங்களும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அந்த ஆலைகளின்மேல் நமக்கு நியாயமான கோபம் வந்தது; ஆராதனையில் அந்தத் தாய்மாருக்காக ஜெபித்தோம். நம் வாசலில் தேங்கி நிற்கும் பச்சைக் குட்டையைக் குறித்தும் அதே கோபம் நமக்கு வருகிறதா?

யாத்திராகமம் 21ஆம் அதிகாரம், 33, 34 வசனங்களை வாசித்துப் பாருங்கள். ஒருவன் குழியைத் திறந்துவைக்கிறான், அல்லது வெட்டி மூடாமல் விடுகிறான். அயலானுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து சாகிறது. குழிக்கு உடையவன் ஈடு கொடுக்கவேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். அவன் கெட்ட எண்ணத்தோடு வெட்டினானா என்ற விசாரணையே அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீருக்காகவே வெட்டியிருக்கலாம், நல்ல நோக்கமாகவும் இருக்கலாம். மூடாமல் போனான், அதுதான் கேள்வி. சிராவயல் மஞ்சுவிரட்டைக் கண்டு வளர்ந்த நமக்கு, அயலானுடைய மாடு ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. இந்த ஊர்த் தெருக்களில் மாடுகள் திரிகின்றன. கோடையில் அவை எந்த நீரிலும் வாய் வைக்கும்.

"ஊரே சாக்கடையில் எதையெதையோ ஊற்றுகிறது, என் நான்கு லிட்டரா ஊரைக் கெடுக்கும்?" என்று ஒரு கேள்வி வரும். இது நியாயமான கேள்விதான். இந்த ரசாயனம் மண்ணில் நாளடைவில் சிதைந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அது சிதையுமுன் குட்டையில் நிற்கிறது. உலோகத் துகள்களையும் எஞ்சினிலிருந்து கொண்டுவருகிறது. மேலும், ஊரில் எத்தனை குழிகள் என்று அந்த வசனம் எண்ணவில்லை. உன் குழி எது என்றே கேட்கிறது.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வற்றாத ஆறு பாயாத வறண்ட பூமி இது. முன்னோர் வளவில் விழுந்த மழையைக்கூட வீணாக்காமல், ஊருணிகளை வெட்டி, வரத்துக்கால்களைக் காத்து, அந்த நீரைக் குடித்து வாழ்ந்தார்கள். வெட்டியவர்களில் பலர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் காத்த தண்ணீரை நம் பாட்டன்மார் குடித்தார்கள். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்கிவிடுகிற ஆடுகளைக் குறித்து எசேக்கியேல் 34இல் கர்த்தர் பேசுகிறார். அது மந்தைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்டதல்ல.

ஆகவே வடிக்கிறவர்கள் வடியுங்கள். பேசினை விட்டு எழுந்துபோகாதிருங்கள். பிள்ளைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும். சிந்தியதை மணல் போட்டு உடனே அள்ளுங்கள். வடித்ததை இறுக மூடுகிற கேனில் ஊற்றி, "விஷம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். குளிர்பானப் பாட்டிலிலோ தண்ணீர்ப் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றாதிருங்கள். பிள்ளைகள் அதை எடுத்துக் குடித்துவிடுவார்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். முதலில் போதைபோல் தள்ளாட்டம் மட்டுமே தெரியலாம். சிறுநீரகம் கெடுவது பின்னால் வரும். அந்தக் கேனையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இதற்கு முறிமருந்து உண்டு. நேரம் கடந்தால் அதன் பயன் குறையும்.

பிறகு கேனைப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் கொடுக்குமுன் அதை அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பின்பக்கத்து ஓடையில் ஊற்றுகிறவரிடம் கொடுப்பது, கூலி கொடுத்துக் குழியைத் திறந்துவைப்பதாகும். அப்படியானால் அடுத்த பணிமனையில் விசாரியுங்கள். அதுவரை கேன் உங்கள் வீட்டிலேயே பூட்டியிருக்கட்டும்.