கீரையா, மாத்திரையா?

"ஐயா, இந்த மாத்திரையெல்லாம் சூடு. குழந்தை கறுத்துப் போயிடும்னு சொல்றாங்க. நீங்க ஒரு லேகியம் கொடுங்க. நான் தினமும் முருங்கைக்கீரை ஆக்கிப் போட்டுடறேன்."

ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகளை அழைத்து வந்த ஒரு மாமியார் சொன்னது இது. அந்தப் பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. அரசு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோ, அட்டை பிரிக்காமல் பையிலேயே இருந்தது!

சித்த வைத்தியர் என்றாலே மாத்திரைக்கு எதிரி என்று நினைக்கிறார்கள். நான் சொன்னேன்: "கீரையும் போடுங்கம்மா, மாத்திரையும் கொடுங்க."

கீரை நல்ல உணவுதான். ஆனால் அதிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். குறை வராமல் காக்க அது உதவும். குறைந்துபோன ரத்தத்தைப் பிரசவத்துக்குள் ஏற்றிவிட அது மட்டும் போதாது. கிணறு வற்றிய பிறகு தூறலை நம்பிப் பயிர் வைக்க முடியுமா? ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால், ரத்தப்போக்கைத் தாங்கும் சக்தி தாய்க்கு இருக்காது. குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

பாளையங்கோட்டையில் நான் படித்தபோது குணபாட வகுப்பில் அன்னபேதி பற்றிச் சொல்லித் தந்தார்கள். அதன் ரசாயனப் பெயர் பெர்ரஸ் சல்பேட். இரும்பு மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் அதே உப்புதான்! நம் முன்னோர் அதைச் சுத்தி செய்து, செந்தூரமாக்கி வெளுப்பு நோய்க்குக் கொடுத்தார்கள். அப்புறம் என்ன பகை? (அதற்காக நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி நீங்களே சாப்பிட்டுவிடாதீர்கள்.)

கர்ப்பிணிக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். ரத்தசோகை இருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார். காபி, டீ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில் போடலாம். மாத்திரையால் கறுப்பது மலம் மட்டும்தான், குழந்தையல்ல!

அதே சமயம், 'அசதியா இருக்கு' என்றதும் பரிசோதிக்காமல் டானிக்கும் சத்து மாத்திரையும் வாங்கி விழுங்குவதும் தப்பு. மூலத்தில் ரத்தம் போகிறதா, வயிற்றில் புழுவா, மாதவிலக்கு அதிகமா என்று காரணம் பார்க்க வேண்டும். தலசீமியா போன்ற பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுதலும் செய்யும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது, இதைப் படிக்கும் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். மாமியார்களே, அம்மாக்களே, மாத்திரை அட்டையை இன்றைக்கே பிரித்துக் கொடுங்கள். கீரையைத் தட்டில் தவறாமல் வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம்.