கூத்தன் இறைவன், கூத்தி இழிந்தவளோ?

தில்லையில் ஆடுபவன் கூத்தன், கைகூப்புகிறோம். சோழர் அவையில் பாடியவர் ஒட்டக்கூத்தர், போற்றுகிறோம். அச்சொல்லின் பெண்பால் கூத்தி. அதை நம் அருப்புக்கோட்டைச் சந்தையில் ஒருவர் வாய்திறந்து சொல்லட்டும், கைகலப்பில்தான் முடியும். ஆண்பாற்குப் பெருமையும் பெண்பாற்கு இழிவும் ஏற்றியவர் தமிழராகிய நாமே. இதில் வடவரைக் குறைகூறித் தப்ப இயலாது.

அரங்கேறிய நாளில் மாதவி தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்கிறது சிலம்பு. ஔவையை விறலி என்றே விளிக்கிறது புறநானூற்றின் 89-ஆம் பாட்டு.

இனி, குடந்தைப் பாலாமணி அம்மையாரின் வாழ்வைக் காண்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மகளிரை மட்டும் கொண்டு நாடகக் குழு நடத்தியவர் அவர். ஆண் வேடங்களையும் மகளிரே புனைந்தனர். புகலற்ற பெண்டிர் பலர்க்கு அக்குழுவே வீடாயிற்று. 'டம்பாச்சாரி விலாச'மும் 'தாரா சசாங்க'மும் அவர்தம் புகழ்பெற்ற நாடகங்கள். (பெயர்கள் வடமொழியாயினவே என்னும் வருத்தம் வேறு.) அவர் நடிப்பைக் காணத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் குடந்தைக்குத் தனித் தொடர்வண்டிகள் ஓடின, அவற்றிற்கு அவர் பெயரையே மக்கள் இட்டு வழங்கினர். ஆடல்மகளால் செல்வன் ஒருவன் பொருளிழந்து கெட்ட கதை 'டம்பாச்சாரி'. அதை நடித்துப் பெரும்பொருள் ஈட்டிய அம்மையாரோ, 1935-இல் மதுரையில் கையில் ஒன்றுமின்றி மறைந்தார். நடிகர் சாமண்ணா பிறரிடம் பொருள் தண்டி இறுதிக்கடன் முடித்தார் என்பர்.

அதே மதுரையிலிருந்துதான் நம் வானம் பார்த்த காட்டிற்கு இன்றும் வள்ளி வருகிறாள். பங்குனி, சித்திரைப் பொங்கலில் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் விடியவிடிய முருகனோடு சொற்போர் ஆடுகிறாள். 1922-இல் மறைந்த சங்கரதாசு அடிகளின் தமிழை, ஏடறியாதார் செவியிலும் நிறைப்பவள் அவளே. பள்ளியில் நாற்பது நிமையத்தில் நாங்கள் செய்யமுடியாததை அவள் ஓரிரவில் செய்துவிடுகிறாள்! மேடையில் அவளை வணங்கும் ஊரார், அவள் இறங்கியபின் எச்சொல்லால் சுட்டுகின்றனர் என்பதை எழுதவேண்டா.

வேர்ச்சொல் ஆயும் அன்பர்களே, விழா அறிக்கையில் அவள் பெயர்க்கு முன் 'கூத்தி' என அச்சிடுமாறு நான் கேட்கவில்லை; அதற்கு இன்னும் காலம் ஆகும். உங்கள் ஊர் விழாக் குழுவிடம் சொல்லி, வரும் பங்குனியிலேனும் அவள் உடைமாற்றக் கதவுள்ள ஓர் அறையும், விடியுமுன் பேசிய கூலியும், பேருந்து வரும்வரை துணைக்கு இருவரும் கிடைக்கச் செய்யுங்கள்.